கண்ணாடி, என்ன குளிரு!

"எங்கம்மா தினமும் எனக்குப் பதில் போடறாங்க மேடம். ஆனா அது எங்கம்மா இல்ல."

நாற்காலியில் உட்காரும் முன்பே அந்தப் பெண் இதைச் சொல்லிவிட்டாள். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். கைப்பையோடு சேர்த்து ஒரு பெரிய சாவிக்கொத்தையும் மேசைமேல் வைத்தாள். இருநூறு மாணவிகள் தங்கும் விடுதி ஒன்றின் வார்டனாம். ஏழு மணி நேரம் ரயிலில் வந்திருக்கிறாள்.

"போலீஸ்ல சொன்னீங்களா?" என்று கேட்டாள் கமா.

"காலையிலயே போனேன். 'பதில் போடறவங்களை எப்படிம்மா காணாமப் போனவங்கன்னு எழுதிக்கறது'ன்னு கேக்கறாங்க."

"நியாயமான கேள்விதான்," என்றான் மூலையில் உட்கார்ந்திருந்த ஸ்பீக்கர். "எங்க வீட்டுல நான் எதிர்லயே உக்காந்திருக்கேன். பதிலே வரமாட்டேங்குது. அதை எங்க போய் எழுதறது?"

கமா அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஸ்பீக்கர் வாயை மூடிக்கொண்டான். அது ரொம்ப நேரம் மூடியிருக்காது என்பது அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வருஷம் பஸ் கண்டக்டராகக் கத்திக் கத்தி உரமேறிய தொண்டை அது. அந்தத் தொண்டைக்கு வைத்த பெயர்தான் ஸ்பீக்கர். இப்போது அவளுக்கு உதவியாள்.

கமாவுக்கும் அது தொழில் கொடுத்த பெயர். ஒரு நாளிதழில் இருபத்திரண்டு வருஷம் கமாவும் புள்ளியும் பார்த்துப் பிழை திருத்தினாள். அடுத்தவர் எழுதியதில் எது பொருந்தவில்லை என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் மனிதர்களிலும் அதையே பார்க்க ஆரம்பித்தாள். வேலையை விட்டுவிட்டு, ஜெராக்ஸ் கடைக்கு மேலே இந்தத் துப்பறியும் ஆபீஸைத் திறந்தாள். முன்னறையில் ஆபீஸ். பின்னறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரே ஒரு தட்டு.

"முதல்லேர்ந்து சொல்லுங்க."

வார்டன் சொன்னாள். அம்மா டைப்பிங் டீச்சர். முப்பத்தொரு வருஷம் கற்றுக்கொடுத்தவர். வேலையை விட்டு நாலு வருஷமாகிறது. அப்பா இறந்தபிறகு தனியாகத்தான் இருக்கிறார். போனில் ஒரு விரலால் குத்துவதெல்லாம் டைப்பிங்கே இல்லை என்பது அவர் கட்சி. அதனால் கம்ப்யூட்டரில் ஒரு சாட் ஆப் போட்டுக்கொண்டார். வேறு வேறு மெசேஜ் ஆப்களில் வருவதையெல்லாம் அந்த ஒன்றே வாங்கி, ஒரே ஜன்னலில் காட்டும்.

"வேறு வேறு ஆப்னா?"

"நான் பச்சை ஆப்லேர்ந்து எழுதுவேன். அண்ணன் நீல ஆப்லேர்ந்து. அவன் கப்பல் பட்டறையில வேலை பாக்கற நாட்டுல பச்சை வேலை செய்யாது. அம்மாவுக்கு ரெண்டும் ஒரே இடத்துல வரும்."

"அண்ணன்கிட்ட விசாரிச்சீங்களா?"

"ஆறு வருஷமா பேச்சு இல்ல." அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"சரி. எப்பலேர்ந்து சந்தேகம்?"

"ரெண்டாம் தேதி 'போன் ரிப்பேர், எழுதினாப் போதும்'னு அம்மா எழுதினாங்க. மூணாம் தேதிலேர்ந்து வர்ற பதிலெல்லாம் ஒரு மாதிரியா இருக்கு. இன்னைக்குப் பதினாலு. நேர்ல பாத்துடலாம்னு கிளம்பி வந்தேன். கதவு பூட்டியிருக்கு. வெளியே நின்னு மெசேஜ் அனுப்பினேன். உள்ள 'டிங்'னு சத்தம் கேட்டுச்சு மேடம்." அவள் குரல் இறங்கியது. "நாலு நிமிஷத்துல பதிலும் வந்துச்சு. 'வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்'னு. கை வலிக்கற வரைக்கும் கதவைத் தட்டினேன். யாரும் திறக்கல."



கமா கையை நீட்டி போனை வாங்கினாள். முதலில் பழைய செய்திகளைப் பார்த்தாள். சாப்டியா, தூங்கினியா, முதுகுவலி எப்படி இருக்கு. ஒரு நாள்கூட விடாமல் இருந்தன. கமாவின் போனுக்குக் கடைசியாக வந்திருந்த செய்தி மின்தடை அறிவிப்பு. வேகமாகத் தள்ளிவிட்டு மூன்றாம் தேதிக்கு வந்தாள்.

"ஸ்பீக்கர், சத்தமா படிங்க. உங்களுக்குப் பிடிச்ச வேலை."

ஸ்பீக்கர் தொண்டையைச் செருமினான். "நாலாம் தேதி. 'கண்ணாடி, என்ன குளிரு! ரெண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்குது.'" நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தான். அது கொதிக்கிற காற்றைக் கிண்டிக்கொண்டிருந்தது. "இந்த ஊர்லயா? ஸ்வெட்டரா?"

"மேல படிங்க."

"அஞ்சாம் தேதி. 'பக்கத்து வீட்டுக்காரி இன்னைக்கும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கா. சமாதானப்படுத்தறதுக்கே நேரம் சரியா இருக்கு.'"

"பக்கத்து வீடு ஒரு வருஷமா காலி," என்றாள் வார்டன்.

"ஏழாம் தேதி. 'கூட வேலை செய்யறவரோட கண்ணா தவறிட்டாங்க. மனசே சரியில்ல.'" ஸ்பீக்கர் போனைக் கீழே வைத்தான். "கண்ணா தவறிட்டாங்களா? எந்தக் கண்ணா?"

"அம்மா என்னைக் கண்ணான்னுதான் கூப்பிடுவாங்க," வார்டனின் கண்கள் கலங்கின. "யாரோ அவங்களை எங்கயோ குளிர் ஊர்ல அடைச்சு வெச்சிருக்காங்க மேடம். பக்கத்துல ஒரு பொம்பள காவலுக்கு இருக்கா. அவங்க எழுதற பதில்லயே அம்மா எனக்கு ரகசியமா ஏதோ சொல்றாங்க. எனக்குத்தான் புரியல."

கமா போனைக் கண்ணருகே கொண்டுபோய் ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"டைப்பிங் கிளாஸ்ல ஒழுங்கா கத்துக்கிட்டவங்க முற்றுப்புள்ளி வெச்சதும் ஸ்பேஸ் கட்டையை ரெண்டு தட்டு தட்டுவாங்க. ரெண்டு எழுத்து இடம் விடும். ரெண்டாம் தேதி வரைக்கும் உங்கம்மா ஒரு இடத்துல கூடத் தவறல. மூணாம் தேதிலேர்ந்து ஒரு இடத்துல கூட ரெண்டு தட்டு இல்ல." எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். "நீங்க சொன்னது சரிதான். இதை எழுதறது உங்கம்மா இல்ல."

*

அம்மாவின் வீடு இரண்டாவது மாடி. கதவில் டைப் அடித்த துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது: 'எட்டாம் தேதி வரை பேப்பர் வேண்டாம்.' கீழே ஆறு பேப்பர்கள் கிடந்தன. ஒன்பதிலிருந்து பதினாலு வரை.

"எட்டாம் தேதிக்குள்ள திரும்பிடணும்னு கணக்குப் போட்டுக் கிளம்பியிருக்காங்க," என்றாள் கமா.

"அப்ப கடத்தல் இல்ல," என்றான் ஸ்பீக்கர். "கடத்தறவன் பேப்பரை நிறுத்த டைம் குடுக்க மாட்டான்."

"ஆனா எட்டாம் தேதி திரும்பல. ஆறு நாளா திரும்பல." இதைக் கமா மெதுவாகத்தான் சொன்னாள். 

"இப்ப ஒரு மெசேஜ் அனுப்புங்க. என்ன வேணாலும்."

வார்டன் 'என்ன பண்றே?' என்று அனுப்பினாள். கமா கதவில் காதை வைத்தாள்.

உள்ளே, தூரத்தில், டிங்.

பிறகு ஒன்றுமில்லை. நாற்காலி நகரவில்லை. செருப்பு உரசவில்லை. விசைப்பலகையில் ஒரு தட்டுகூட இல்லை. ஆள் இல்லாத வீட்டின் அமைதிக்கு ஒரு கனம் உண்டு. தினமும் மாலையில் தன் பின்னறைக் கதவைத் திறக்கும்போது காதில் வந்து விழும் அதே கனம்தான் என்று கமாவுக்குப் பட்டது. அவள் காதை எடுக்கவில்லை. ஒரு நிமிஷம், மூன்று நிமிஷம், ஆறு நிமிஷம்.

டொங்.

அதே நொடியில் வார்டன் கையிலிருந்த போன் ஒளிர்ந்தது. 'வேலையில இருக்கேன். சாயங்காலம் எழுதறேன்.'

கமா நிமிர்ந்தாள். "கேட்டீங்களா?"

"கேட்டோம். டிங்கும் டொங்கும். பள்ளிக்கூடம் விட்ட மாதிரி," என்றான் ஸ்பீக்கர்.

"நீங்க அனுப்பினது உள்ள போச்சு, டிங். அது சரி. பதில் வரும்போது எதுக்கு இன்னொரு மணி? அதுவும் வேற சத்தத்துல? உள்ள உக்காந்து எழுதறவங்களுக்குத் தன் பதிலுக்குத் தானே மணி அடிக்காது. வெளியிலேர்ந்து ஏதாவது வந்தாத்தான் அடிக்கும்."

ஸ்பீக்கரின் முகம் மாறியது. "அப்ப பதில் உள்ளேர்ந்து வரல."

"வேற எங்கிருந்தோ உள்ள வருது. வந்ததும் இவங்க போனுக்குப் போகுது. பூட்டுக்காரரைக் கூப்பிடுங்க."

*

பூட்டுத் திறப்பவருக்கு ஐந்து நிமிஷம்தான் ஆனது. அவர் போனபிறகு மூவரும் உள்ளே நுழைந்தார்கள். அடைத்துக் கிடந்த வெப்பம் முகத்தில் அறைந்தது.

எல்லாம் ஒழுங்காக இருந்தன. படுக்கை மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஃபிரிட்ஜ் காலி, பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். ஒரு பெரிய பேசினில் நான்கு பூந்தொட்டிகள் தண்ணீர் குடிப்பதற்காக இறக்கி வைக்கப்பட்டிருந்தன. தண்ணீர் எப்போதோ வற்றிவிட்டது. இலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. வார்டன் எதுவும் பேசாமல் குழாயைத் திறந்து பேசினை நிரப்பினாள்.

கம்ப்யூட்டர் மட்டும் உயிரோடு இருந்தது. திரை அணைந்திருந்தது, பெட்டி முனகிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் திரையின் பொத்தானை அழுத்தினான்.

ஒரு ஜன்னல். இடதுபக்கம் இரண்டே வரிகள். பச்சைப் புள்ளியோடு 'மகள்'. நீலப் புள்ளியோடு 'மகன்'. இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறிய சங்கிலிப் படம்.

கமா சங்கிலியை அழுத்தினாள். ஒரு கட்டம் விரிந்தது. 'மகனிடமிருந்து வருவதை மகளுக்கு அனுப்பு.' டிக். 'மகளிடமிருந்து வருவதை மகனுக்கு அனுப்பு.' டிக். தொடக்கம்: மூன்றாம் தேதி, காலை ஆறு நாற்பது.



"அதுக்குக் கீழ இன்னொரு பட்டியல் இருக்கு," என்றாள் கமா. "சொல் மாற்றுப் பட்டியல். இந்தச் சொல் வந்தா அந்தச் சொல்லா மாத்தி அனுப்பு. ஸ்பீக்கர், படிங்க."

"'அம்மா'ன்னு வந்தா 'கண்ணா'. 'பொண்டாட்டி'ன்னு வந்தா 'பக்கத்து வீட்டுக்காரி'. 'ஹாஸ்டல்'னு வந்தா 'வீடு'." ஸ்பீக்கர் நிறுத்தினான். அவன் உதடுகள் எதையோ கூட்டிப் பார்த்தன. திடீரென்று ஜன்னல் கண்ணாடி அதிரக் கத்தினான். "அம்மாடி! மேடம், அம்மாடி! 'அம்மாடி, என்ன குளிரு'ன்னு எழுதியிருக்கான்! மிஷினுக்கு என்ன தெரியும்? அம்மாவை எடுத்துட்டுக் கண்ணாவைப் போட்டிருச்சு. அம்மாடி கண்ணாடி ஆயிடுச்சு!"

"கூட வேலை செய்யறவரோட அம்மா தவறிட்டாங்க," என்றாள் கமா. "மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறது பக்கத்து வீட்டுக்காரி இல்ல. உங்க அண்ணி."

வார்டன் அம்மாவின் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். "அப்ப இத்தனை நாளா..."

"நீங்க அம்மாவுக்கு எழுதினது உங்க அண்ணனுக்குப் போயிருக்கு. அம்மா எழுதறாங்கன்னு நினைச்சு அவர் பதில் போட்டிருக்கார். அவர் எழுதினது உங்களுக்கு வந்திருக்கு. நீங்களும் அப்படித்தான். அம்மாவை நீங்க நீன்னு எழுதறீங்க, அம்மாவும் உங்களை நீன்னு எழுதறாங்க. அதனால எழுதறது இன்னொரு பிள்ளைன்னு ரெண்டு பேருக்கும் சந்தேகமே வரல. அப்பாவா இருந்திருந்தா 'நீங்க'ன்னு எழுதி முதல் வரியிலயே மாட்டியிருக்கும்."

வார்டன் போனை எடுத்து மேலே தள்ளினாள். ஒன்பதாம் தேதியில் விரல் நின்றது. கமாவின் பக்கம் போனைத் திருப்பினாள்.

'அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆறு வருஷமா நெஞ்சுல முள்ளு மாதிரி குத்துது.'

அதற்கு அவள் எழுதியிருந்த பதில்: 'நீ ஒரு தப்பும் பண்ணல. அந்த நேரத்துல யாரா இருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பாங்க. அதை விட்டுடு. நிம்மதியா தூங்கு.'

"அம்மா எதையோ நினைச்சு வருத்தப்படறாங்கன்னு நினைச்சேன்," என்றாள் வார்டன். "இதைச் சொன்னது அவனா?"

"என்ன சண்டை உங்களுக்குள்ள?"

"அப்பாவுக்கு முடியாம இருந்ததை அவன்கிட்ட சொல்லல. அவன் வந்து இறங்கினப்போ எல்லாம் முடிஞ்சு வீட்டைக் கழுவி விட்டிருந்தோம். வாசல்லயே நின்னு, வாயில வந்ததெல்லாம் சொன்னான்."

"ஏன் சொல்லல?"

"சொல்லல. அவ்வளவுதான்."

பிழை திருத்துபவளுக்கு ஒரு வாக்கியத்தில் சொல் விடுபட்டிருந்தால் தெரியும். கமா அதைக் கேட்கவில்லை.

வார்டன் விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். நீல வரியை அழுத்தினாள். நேராக அவனுக்கே எழுதினாள்.

'அண்ணா. நான் எழுதறேன். அம்மா இல்ல.'

டொங். 'நீ எப்படி அங்க? அம்மா எங்க?'

அவள் நடந்ததை மூன்று வரியில் எழுதினாள். திரையில் 'எழுதுகிறார்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. பல்லாயிரம் மைலுக்கு அப்பால், ஒரு கப்பல் பட்டறையின் மூலையில் ஒரு மனிதன் விரலை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருப்பதைக் கமா பார்த்துக்கொண்டே நின்றாள்.

'அப்ப வீட்டுல இருநூறு பொண்ணுங்க சாப்பாடு சரியில்லன்னு தட்டைக் கவுத்துட்டு உக்காந்திருக்காங்கன்னு வந்தது?'

'என் ஹாஸ்டல்.'

'அம்மாவுக்குப் புத்தி தடுமாறிடுச்சுன்னு பயந்து ஞாயித்துக்கிழமைக்கு டிக்கெட் போட்டுட்டேன்.'

ஸ்பீக்கர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான். வார்டனின் உதட்டோரமும் அசைந்தது. அடுத்த செய்தி வந்ததும் அது உறைந்துபோனது.

'ஒன்பதாம் தேதி, தப்பு பண்ணலன்னு எழுதினது நீயா?'

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு எழுதினாள்.

'அம்மாவுக்குன்னு நினைச்சுத்தான் எழுதினேன். ஆனா அதைத் திருப்பி வாங்கிக்க மாட்டேன்.'

பதில் வரவில்லை. ஒரு நிமிஷம் கழித்து அவள் போன் அடித்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அழிக்காமல் விட்டிருந்த ஒரு எண். அவள் எடுத்துக் காதில் வைத்தாள்.  அவள்தான் முதலில் சொன்னாள்: "இரு. வைக்காதே. அம்மாவைத் தேடணும்."

*

கமா மௌஸைக் கையில் எடுத்திருந்தாள்.

"ஒருத்தங்க எழுத முடியாமப் போகும்னு தெரிஞ்சு ஏற்பாடு பண்ணிட்டுப் போயிருக்காங்க. அஞ்சு நாள் எழுத முடியாது. அஞ்சு நாளும் பிள்ளைங்க பயப்படக் கூடாது. அப்படி என்ன? கிளம்பறதுக்கு முன்னால என்ன எழுதியிருக்காங்கன்னு பாக்கலாம்."

இரண்டு உரையாடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். போன மாதம் இருபத்தேழாம் தேதி, மகளுக்கு: 'எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது.  ஸ்கிரீன் பழசாயிடுச்சு போல.' மகள் பதில்: 'புது ஸ்கிரீன் வாங்கிக்கோ.'

இருபத்தொன்பதாம் தேதி, மகனுக்கு: 'பதினாலாம் நம்பர் பஸ்ல கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வந்தேன்.  சும்மா காத்தாட.' மகன் பதில்: ஒரு கட்டைவிரல் படம்.

"பதினாலுல காத்தாடவா?" என்றான் ஸ்பீக்கர். "நாலு வருஷம் அந்த ரூட்ல டிக்கெட் கிழிச்சிருக்கேன் மேடம். மூச்சு விடவே இடம் இருக்காது. கடைசி ஸ்டாப்ல இறங்கறவங்கள்ல பாதிப் பேருக்கு நான்தான் கையைப் பிடிச்சு, படி எங்க இருக்குன்னு காட்டி விடுவேன்." அவன் குரல் முதல்முறையாகத் தணிந்தது. "அது கண் ஆஸ்பத்திரி."

வார்டன் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா ஆளுக்குப் பாதியாகச் சொல்லியிருந்தார். பாதியைக் கேட்டவர்கள் மீதியைக் கேட்கவில்லை. இரண்டும் ஒரே ஜன்னலில்தான் இருந்தன. சேர்த்துப் படிக்க அந்த வீட்டில் அம்மாவைத் தவிர யாரும் இல்லை.

*

கண் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி, பெண்கள் வார்டு. மேசையிலிருந்த நர்ஸ் பதிவேட்டைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"டைப்பிங் டீச்சரா? மூணாம் தேதி அட்மிட் ஆனாங்க. அஞ்சு நாள்ல அனுப்பியிருப்போம். ஆபரேஷன் பண்ண கண்ணுல கிருமி ஏறிடுச்சு. ரெண்டு கண்ணையும் கட்டி வெச்சிருக்கோம். வீட்டுல யாருக்காவது சொல்லணும், நம்பர் குடுங்கன்னு தலைகீழா நின்னு கேட்டாச்சு. 'என் பிள்ளைங்களுக்குப் பதில் போயிட்டுதான் இருக்கு, அவங்க கவலைப்பட மாட்டாங்க'ன்னே சொல்றாங்க. ஜுரத்துல பேசறாங்கன்னு நினைச்சோம்."

"கண்ணு?" என்று கேட்டாள் வார்டன்.

"வலது கண்ணுக்குப் பயமில்ல. இடது கண்ணைப் பத்தி நாளைக்குக் கட்டு பிரிச்சாத்தான் டாக்டர் சொல்லுவார்."

கடைசிக் கட்டில். ஜன்னலோரம். சுற்றியிருந்த எல்லாக் கட்டில்களிலும் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் கட்டிலின் ஸ்டூலில் ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தது. கண்களில் வெள்ளைக் கட்டோடு அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். போர்வைமேல் பத்து விரல்களும் அசைந்துகொண்டிருந்தன. வேகமாக, சீராக, ஒரு விரலும் இடம் தவறாமல். பதினோரு நாளாக யாருக்கும் போய்ச் சேராமல் என்னென்ன எழுதியிருப்பார் என்று கமா நினைத்தாள். 

"நர்ஸம்மா, மணி என்ன ஆச்சு?"

"அம்மா," என்றாள் வார்டன்.

விரல்கள் நின்றன. ஒரு கை காற்றில் தேடியது. வார்டன் கட்டிலோரம் உட்கார்ந்து அதைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஏம்மா இப்படிப் பண்ணே?"

"பதில் வரலன்னா பதறுவீங்க. வேற யாரை எழுதச் சொல்றது? பதிலுக்குப் பதில் நீங்களே எழுதிப்பீங்கன்னு நினைச்சேன். ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சுடுவீங்கன்னும் பயமா இருந்துச்சு. கண்டுபிடிக்கல போல." அவர் சிரிக்க முயன்றார். சட்டென்று மகளின் கையை இறுக்கினார். குரலைத் தாழ்த்தினார். "இத பாரு. அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதே. அங்கிருந்து பதறுவான். எல்லாம் சரியானதும் நானே சொல்லிக்கறேன்."

வார்டன் தலையை நிமிர்த்தினாள். "இதே வார்த்தையைத்தாம்மா அப்பாவைச் சேர்த்திருந்தப்பவும் சொன்னே."

"ஆமா. சொன்னேன்."

"அம்மா." அவள் மடியில் கிடந்த போனிலிருந்து ஒரு ஆண்குரல் கரகரத்தது. வீட்டில் எடுத்ததிலிருந்து அவள் அந்த இணைப்பைத் துண்டிக்கவே இல்லை. "நான் லைன்லதான் இருக்கேன்."

அந்த அம்மாளின் முகம் கட்டுக்குள்ளேயே அந்தக் குரலைத் தேடித் திரும்பியது.

"அப்ப அன்னைக்கு மறைச்சது அவ இல்லயா?" என்றது குரல்.

கமா பின்னால் ஒரு அடி வைத்தாள். விடுபட்ட சொல் இப்போது கிடைத்துவிட்டது. ஆறு வருஷமாக அந்தப் பெண் தன் வாக்கியத்திலிருந்து வெட்டி எடுத்து வைத்திருந்த சொல்.

"நான்தான்டா," என்றார் அம்மா. "அவ சொல்லணும்னுதான் அழுதா. நான்தான் வேண்டாம்னேன். நீ வந்து அவளைத் திட்டினப்போ என் வாய் அடைச்சுப் போச்சு. அதுக்கப்புறம் உனக்கு எழுதி எழுதி, அனுப்பறதுக்கு முன்னால அழிச்சேன். எத்தனை தடவைன்னு கணக்கே இல்ல. அவளும் சொல்லல. என்னைக் காட்டிக் குடுக்கவே இல்ல."

 போனில் ஒரு பெரிய ஆள் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"ஏண்டி," என்றான் அவன். "நீயாவது ஒரு வார்த்தை..."

"நீ பேச விட்டியா? வாசல்லயே நின்னு..."

"தெரியாமத்தானே..."

"தெரியலன்னா கேக்கணும்..."

"ஐயோ, ஒருத்தர் பேசி முடிச்சதும் இன்னொருத்தர் பேசுங்க," என்றார் அம்மா. "எனக்குக் கண்ணும் தெரியல, எதுவும் விளங்கல."

இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். வார்டில் எங்கோ ஒரு ஸ்பூன் கீழே விழுந்தது. ஸ்பீக்கர் எதையோ சொல்ல வாய் திறந்தான். கமா அவன் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

கதவு சாத்திக்கொள்ளும் முன், உள்ளே அந்த அம்மாளின் குரல் மறுபடி கேட்டது. இந்தத் தடவை அவசரமாக, கெஞ்சுகிற மாதிரி.

"ஏன் நிறுத்திட்டீங்க? வேண்டாம், வேண்டாம். ரெண்டு பேரும் சேர்ந்தே பேசுங்க."